பிராவின்ஸ்டவுன் மணல்மேட்டுப் பெண் கொலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராவின்ஸ்டவுன் என்ற சிறிய கடலோர ஊரில் 1974ஆம் ஆண்டு நடந்த கொலை இது. கொல்லப்பட்ட பெண்ணின் பெயர் தெரியவே 48 ஆண்டுகள் ஆயின. கொலையாளிகளைப் பற்றிய கதைகள் இந்த வழக்கைச் சுற்றி ஏராளமாக உலவுகின்றன. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் வழக்கு நகர்ந்தது அவர் யார் என்று தெரிந்த பிறகுதான். அதனால் இந்தப் பதில்களும் அவரிடமிருந்தே தொடங்குகின்றன.

நடந்தது என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1974 ஜூலை 26 அன்று, ஊரின் வடக்கே ரேஸ் பாயின்ட் மணல்மேடுகளில் நாயைப் பின்தொடர்ந்து போன ஒரு சிறுமி, பெண் ஒருவரின் சடலத்தைக் கண்டாள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியாத அளவுக்கு உடல் அழுகியிருந்தது. இரண்டு கைகளும் வெட்டி அகற்றப்பட்டிருந்தன. பெயர் தெரியாததால் ‘மணல்மேட்டுப் பெண்’ என்றே எல்லோரும் அழைத்தார்கள். 2022 அக்டோபர் 31 அன்று, அவர் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ரூத் மேரி டெர்ரி என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது. இறந்தபோது அவருக்கு வயது 37. 2023 ஆகஸ்டில், அவரைக் கொன்றது அவருடைய கணவர் மல்டாவின்தான் என்ற முடிவை மாவட்ட அரசு வழக்கறிஞர் வெளியிட்டார். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே மல்டாவின் இறந்துவிட்டிருந்தார்.

சடலம் கிடந்த இடம் என்ன சொன்னது?

நிறையவே சொன்னது. ஒரு கடற்கரை விரிப்பின் மீது குப்புறக் கிடந்தார், அதுவும் ஒரு பாதியில் மட்டும். மறுபாதி இன்னொருவருக்காக விடப்பட்டதைப்போல் காலியாக இருந்தது. தலைக்கு அடியில் மடித்த ஜீன்ஸும் நீலநிறக் கைக்குட்டைத் துணியும் இருந்தன. செந்நிறம் கலந்த நீண்ட கூந்தல் குதிரைவால் சடையாக, பொன்னிறப் புள்ளிகள் கொண்ட ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. கால் நகங்களில் இளஞ்சிவப்புச் சாயம் இருந்தது. போராட்டம் நடந்ததற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. எனவே அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதோ, நன்கு தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தபோதோ தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று போலீசார் தொடக்கத்திலேயே கருதினார்கள்.

தலையில் விழுந்த பலத்த அடிதான் மரணத்துக்குக் காரணம். கழுத்து ஏறக்குறையத் துண்டிக்கப்பட்டிருந்தது. சில பற்களும் பிடுங்கப்பட்டிருந்தன. வெட்டப்பட்ட கைகள் கிடைக்கவே இல்லை.

இந்தக் கொடூரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலரும், மனநிலை பிறழ்ந்த யாரோ ஒருவனின் வேலை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைகள் போனால் கைரேகை போயிற்று. பற்கள் போனால் பல் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிடுவது கடினமாகிவிடும். இவர் யார் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி யாரிடம் போகும் என்பதை நன்றாக அறிந்த ஒருவர் செய்த காரியமாகவே இது தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருத்தியைக் கொன்றுவிட்டு ஓடுபவனுக்கு அவளுடைய பெயரை மறைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அவ்வளவு சின்ன ஊரில் யாருக்குமே அவரைத் தெரியாமல் போனது எப்படி?

பிராவின்ஸ்டவுன் கேப் காட் தீபகற்பத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். கோடைக்காலம் வந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். படகிலும் காரிலும் வந்து குவியும் வெளியூர்க்காரர்கள், உள்ளூர் மக்களைப்போலப் பல மடங்கு. கொலை நடந்தது அந்த நெரிசலின் உச்சத்தில். வாடகை அறையில் ஓரிரு இரவு தங்கிவிட்டுப் புறப்படும் தம்பதியின் முகத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பாவிட்டால் கேட்கவும் அங்கே ஆள் கிடையாது. ஒரு கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற நினைப்பு சுற்றுலா ஊருக்குப் பொருந்தாது.

மணலும் கடற்காற்றும் தடயத்துக்கு எதிரிகள். சடலத்தை நோக்கிச் சென்ற இருவரின் காலடித் தடங்களும், சற்றுத் தள்ளி வாகனச் சக்கரத் தடங்களும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மணலில் பதிந்த தடத்திலிருந்து அளவோ செருப்பின் அச்சோ தெளிவாக எடுப்பது மிகக் கடினம். அதோடு ஜூலை வெயில். பல நாள் வெளியில் கிடந்த உடலை வைத்து, இறந்த நாள் இதுதான் என்று யாராலும் குறிப்பிட முடியவில்லை. இறந்த நாள் தெரியாதபோது, ‘அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள்’ என்ற வழக்கமான விசாரணையும் நடக்காது. மணல்மேட்டுப் பகுதியில் ஓட்ட அனுமதி பெற்றிருந்த வாகனங்களின் பட்டியலைப் போலீசார் அலசினார்கள். பலன் இல்லை.

விசாரித்தது யார்? உள்ளூர்ப் போலீஸா?

தொடக்கத்தில் உள்ளூர்க் காவல்துறை முன்னின்றது. அப்போதைய காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் மீட்ஸ் இந்த வழக்கைத் தன் சொந்த வழக்காகவே பாவித்தார். மாசசூசெட்ஸில் பாஸ்டன் போன்ற சில பெரிய நகரங்களைத் தவிர்த்து, மற்ற ஊர்களில் நடக்கும் கொலைகளை மாவட்ட அரசு வழக்கறிஞரின் பொறுப்பில் மாநிலப் போலீஸ் துப்பறிவாளர்கள் விசாரிப்பதுதான் நடைமுறை. போதாததற்கு, அந்த மணல்மேடுகள் 1961இல் உருவாக்கப்பட்ட கேப் காட் தேசியக் கடற்கரைப் பூங்காவுக்குள், அதாவது கூட்டாட்சி அரசின் நிலத்தில் இருந்தன. எனவே உள்ளூர், மாநிலம், மத்திய அரசு என மூன்று தரப்புக்கும் இதில் பங்கு இருந்தது.

காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லையா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அவரைத் தேடியவர்கள் இருந்தார்கள். ரூத்தின் சகோதரர் அவரைக் கண்டுபிடிக்க முயன்றார். கணவரிடமே கேட்டார். தேனிலவுப் பயணத்தில் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது, அதன் பிறகு அவளிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை என்று மல்டாவின் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதே மல்டாவின், 1974 கோடைப் பயணத்திலிருந்து திரும்பியபோது ரூத்தின் கார் என்று கருதப்படும் வாகனத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். வேறு சிலரிடம் ரூத் இறந்துவிட்டதாகத் தெரிவித்தார். ஒரே மனிதர், ஒரே மனைவி, இரண்டு கதைகள். இரண்டையும் கேட்டவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அன்றைக்கே முடிச்சு அவிழ்ந்திருக்கலாம். அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை.

அந்தக் காலத்து ஏற்பாடுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். காணாமல்போனவர்களுக்கான பதிவேடு எஃப்.பி.ஐ.யின் தேசியக் கணினித் தொகுப்பில் சேர்க்கப்பட்டது 1975இல்தான். அடையாளம் தெரியாத சடலங்களுக்கான பதிவேடு வந்தது 1983இல். ஆக, இவர் இறந்த ஆண்டில், ஒரு மாநிலத்தில் காணாமல்போனவரையும் வேறொரு மாநிலத்தில் கிடைத்த சடலத்தையும் பொருத்திப் பார்க்க நாடு தழுவிய வழி எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான காணாமல்போனோர் விவரங்களைப் போலீசார் கையால் புரட்டினார்கள். மாசசூசெட்ஸில் ஒரு சடலம் பெயரில்லாமல் கிடந்தது. அவரைத் தேடிய குடும்பமோ வேறு மாநிலத்தில் இருந்தது.

அவருக்கு விலையுயர்ந்த பல் சிகிச்சை நடந்திருந்ததாமே? அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே?

உண்மைதான். ஆயிரக்கணக்கான டாலர் செலவில் தங்க உறைகள் போட்டிருந்தார். அது பெரிய துப்பாகத்தான் கருதப்பட்டது. ஆனால் பல் பதிவு என்பது ஒப்பிட்டு உறுதி செய்ய உதவும் சான்று. ‘இவர் இன்னாராக இருக்கலாம்’ என்று ஒரு பெயர் முதலில் கிடைக்க வேண்டும். பிறகு அந்தப் பெயருக்குரிய மருத்துவரிடம் பதிவைக் கேட்டு வாங்கலாம். பெயரே இல்லாமல் நாட்டிலுள்ள எல்லாப் பல் மருத்துவர்களின் அலமாரிகளையும் திறந்து பார்க்க முடியாது.

கல்லறையை ஏன் திரும்பத் திரும்பத் தோண்டினார்கள்?

1974 அக்டோபரில் பிராவின்ஸ்டவுனிலேயே அடக்கம் செய்தார்கள். அடையாளம் தெரியாத பெண் உடல், ரேஸ் பாயின்ட் மணல்மேடு, ஜூலை 26, 1974 என்ற விவரங்கள்தான் கல்லில் பொறிக்கப்பட்டன. 1980, 2000, 2013 என மூன்று முறை உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்தந்தக் காலத்தின் புதிய முறை எதையாவது முயன்று பார்ப்பதே நோக்கம். டி.என்.ஏ.வைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியும் முறையே 1980களின் நடுவில்தான் இங்கிலாந்தில் பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2000இல் எடுத்த மாதிரி, சிறையிலிருந்து தப்பிய வேறொரு பெண்ணாக இவர் இருப்பாரோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கப் பயன்பட்டது. அவர் இவரல்ல என்று தெரிந்தது.

இடையில் முகத்தை மீட்டுருவாக்கும் முயற்சிகளும் நடந்தன. 1979இல் களிமண்ணால் ஒரு முகம் செய்தார்கள். 2010இல் மண்டையோட்டை ஸ்கேன் செய்து கணினியில் ஒரு முகம் வரைந்தார்கள். இப்படிப்பட்ட படங்கள் ஒரு மதிப்பீடு மட்டுமே. எலும்பு முகத்தின் அமைப்பைச் சொல்லும். கண் எப்படிச் சிரிக்கும், உதடு எவ்வளவு தடிப்பு என்பதையெல்லாம் சொல்லாது. வீட்டார் கண்ணில் அந்தப் படம் பட்டிருந்தாலும் ‘இது நம் ரூத்’ என்று தோன்றியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வைட்டி பல்ஜர், ஹேடன் கிளார்க் ஆகியோருக்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

இரண்டுமே பல ஆண்டுகள் பேசப்பட்டன. பாஸ்டனின் பெயர்பெற்ற ரவுடித் தலைவர் பல்ஜர், இவரைப் போன்ற ஒரு பெண்ணோடு ஊரில் காணப்பட்டார் என்ற பேச்சு இருந்தது. மேரிலாந்தில் இரண்டு கொலைகளுக்காகத் தண்டனை பெற்ற ஹேடன் கிளார்க், இந்தக் கொலையையும் தானே செய்ததாகச் சொன்னார். கடுமையான மனநோய் உள்ளவரின் அந்த வாக்குமூலத்துக்குத் துணையாக உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதே கோடையில் பக்கத்துத் தீவில் படமாக்கப்பட்ட ஒரு திரைப்படத்தின் கூட்டக் காட்சியில் இவர் தெரிகிறார் என்ற கருத்தும் 2015 வாக்கில் பரவியது. காட்சியில் இருந்த பெண்ணின் உடை ஒத்திருந்தது என்பதற்கு மேல் அதற்கு அடிப்படை கிடையாது.

இந்தக் கதைகள் பரவியதற்கு ஊர் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதில் கிடைக்காத ஒரு மரணத்தோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் பிரபலமான ஒரு கொலையாளியின் பெயரை ஒட்டியவுடன் வழக்கு அவனுடைய கதையாகிவிடுகிறது. செத்தவர் அவன் பட்டியலில் ஓர் எண்ணாகிவிடுகிறார். தீராத வழக்குகளைப் படிப்பவர்கள் இதைக் கவனித்துத் தவிர்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் பெயர் எப்படித் தெரிந்தது?

மரபணு வம்சாவளி ஆய்வு என்ற முறையால். இதையும் வழக்கமான டி.என்.ஏ. பரிசோதனையையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள்.

அமெரிக்கப் போலீஸின் வழக்கமான டி.என்.ஏ. தொகுப்பு, மரபணுத் தொடரில் 20 இடங்களை மட்டும் ஒப்பிடுகிறது. 2017 வரை 13 இடங்கள்தான். அதே நபரோ மிக நெருங்கிய இரத்த உறவோ ஏற்கெனவே தொகுப்பில் இருந்தால் மட்டுமே பொருத்தம் கிடைக்கும். ரூத்துக்கு அப்படி யாரும் இல்லை.

வம்சாவளி முறை லட்சக்கணக்கான இடங்களைப் படிக்கிறது. அதனால் தூரத்து உறவும் தெரிந்துவிடும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5 சதவீத டி.என்.ஏ.வைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே எள்ளுத் தாத்தாவின் வழிவந்த எள்ளுப் பேரர்களுக்கு இடையே அது 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு ஒற்றுமையே போதும். தங்கள் பூர்வீகத்தை அறிய டி.என்.ஏ. கொடுத்து, காவல்துறைத் தேடலுக்கும் சம்மதித்தவர்களின் தொகுப்பில் இப்படி ஒரு தூரத்து உறவினர் கிடைத்தால், அவருடைய எள்ளுத் தாத்தா பாட்டி வரை மேலே ஏறுகிறார்கள். பிறகு அந்தத் தம்பதியின் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப் பேரர்கள் என்று கிளை கிளையாகக் கீழே இறங்குகிறார்கள். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, இரங்கல் அறிவிப்பு ஆகியவைதான் இந்த வேலைக்குக் கருவிகள். வயதும் பாலினமும் பொருந்தி, 1974க்குப் பிறகு எந்தப் பதிவிலும் தென்படாத ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். பெயர் சிக்கிய பிறகு, நெருங்கிய உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டு உறுதி செய்வது கடைசிக் கட்டம்.

பழைய எலும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. மண்ணில் கிடந்த எலும்பில் மனித டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. அதை மூழ்கடித்திருக்கும். இவ்வளவு கெட்டுப்போன மாதிரியிலிருந்து படிக்கத்தக்க தொடரை எடுக்கும் திறமை ஆய்வகங்களுக்கு அண்மை ஆண்டுகளில்தான் கைவந்தது. கலிபோர்னியாவின் தொடர் கொலையாளி ஜோசப் டிஆஞ்சலோ 2018இல் பிடிபட்டது இந்த வம்சாவளி முறையால்தான். அதன் பிறகே நாடெங்கும் போலீசார் தங்கள் பழைய பெட்டிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். ரூத்தின் மாதிரியை டெக்சாஸில் உள்ள ஆத்ரம் என்ற தனியார் ஆய்வகம் பகுப்பாய்வு செய்தது.

ரூத் மேரி டெர்ரி யார்?

1936இல் டென்னசியில் பிறந்தவர். கலிபோர்னியா, மிச்சிகன், மாசசூசெட்ஸ் மாநிலங்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. ஒரு மகனைப் பெற்றார். குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. 1974 பிப்ரவரியில் மல்டாவினை மணந்தார். அதே ஆண்டு ஜூலையில் அவருடைய உடல் மணலில் கிடந்தது. திருமண வாழ்க்கை அரை ஆண்டு கூட நீடிக்கவில்லை.

பெயரை அறிவித்த நாளில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரை ஒரு மகளாக, சகோதரியாக, அத்தையாக, மனைவியாக, தாயாக அடையாளப்படுத்தினார்கள். அதுவரை பத்திரிகைகளில் அவருக்கு இருந்த அடையாளம், கைகள் இல்லாத சடலம் என்பதுதான். அன்றைக்கு வெளியிட்ட புகைப்படங்களில் ஓர் இளம்பெண் இயல்பாகப் புன்னகைக்கிறார்.

கணவர்தான் கொலையாளி என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதா?

நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. மல்டாவின் 2002இல் இறந்துவிட்டார். மாசசூசெட்ஸில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது, ஆனால் இறந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. 2023 ஆகஸ்டில், ரூத்தின் மரணத்துக்கு மல்டாவின் காரணம் என்று விசாரணை முடிவுக்கு வந்ததாக மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் கலிபோய்ஸ் அறிவித்து, வழக்கை முடித்துவைத்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவோ எதிர்த்தரப்பு வாதாடவோ வாய்ப்பு இல்லாத முடிவு அது. பயணம் சேர்ந்தே தொடங்கியது, அவர் மட்டும் மனைவியின் கார் என்று கருதப்படும் வாகனத்துடன் திரும்பியது, ஒன்றோடொன்று முரண்பட்ட இரு விளக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது அரசு வழக்கறிஞரின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆயினும் எழுதும்போது ‘தீர்ப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டேன்.

மல்டாவின் மீது முன்பே சந்தேகம் இருந்ததா?

இருந்தது. 1960இல் சியாட்டிலில் அவருடைய அப்போதைய மனைவியும், அந்த மனைவியின் மகளும் காணாமல்போனார்கள். அதில் அவர் சந்தேக நபராக இருந்தார். கொலைக் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. பழம்பொருள் வியாபாரியான அவர் வேறு பெயர்களிலும் வாழ்ந்தவர். 1974இல் சடலத்தின் பெயர் தெரிந்திருந்தால், கணவர் யார் என்ற கேள்விக்குச் சில மணி நேரத்தில் பதில் வந்திருக்கும். அந்தப் பதில் சியாட்டில் போலீஸின் கோப்பையும் மேசைக்குக் கொண்டுவந்திருக்கும். கைகளை வெட்டியவர் தடுக்க நினைத்தது இதைத்தான் என்று நம்புகிறேன்.

பூர்வீகம் அறியக் கொடுத்த டி.என்.ஏ.வைப் போலீஸ் பயன்படுத்துவது முறையா?

நியாயமான கவலை. நீங்கள் கொடுக்கும் மாதிரி உங்களை மட்டுமல்லாமல், கேட்கப்படாத உங்கள் சொந்தக்காரர்களையும் அடையாளம் காட்டும். பெரிய நிறுவனங்களான ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் தங்கள் தொகுப்பை இத்தகைய தேடலுக்குத் திறந்துவிடுவதில்லை. டி.என்.ஏ. விவரங்களைப் பதிவேற்றி உறவினர்களைத் தேடும் இணையதளமான ஜெட்மேட்ச் 2019இல் விதியை மாற்றி, வெளிப்படையாகச் சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டும் கொலை, பாலியல் வன்முறை போன்ற குற்ற விசாரணைகளுக்குக் காட்டத் தொடங்கியது. சம்மதம் கேட்டுச் செய்வதே சரி என்பது என் நிலைப்பாடு. பெயரில்லாத சடலங்களை அடையாளம் காண்பதற்கு மட்டுமாவது அதிகம் பேர் சம்மதிக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன் தொலைந்துபோன உறவினரைத் தேடுபவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், முறைப்படியான ‘காணவில்லை’ புகார் இப்போதும் போலீஸ் பதிவில் இருக்கிறதா என்று நேரில் விசாரிக்க வேண்டும். பழைய புகார்கள் தாளிலேயே தங்கிப்போய், கணினியில் ஏறாமல் இருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் புதிதாகக் கொடுக்கலாம். எத்தனை ஆண்டு கழித்தும் கொடுக்கலாம். நேம்அஸ் என்ற அரசுத் தொகுப்பில் காணாமல்போனவர்களின் விவரமும் அடையாளம் தெரியாத சடலங்களின் விவரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பொதுமக்களும் அதில் தேடலாம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரின் டி.என்.ஏ. மாதிரியைப் போலீஸ் வழியாகக் கட்டணமின்றிக் கொடுக்க முடியும். வயதான தாயோ தந்தையோ உயிருடன் இருந்தால் அதைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். பல் மருத்துவர் பெயர், பழைய எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை விவரம், கடைசியாக அவரோடு பயணம் செய்தவர் யார், அவர் காணாமல்போனதை யார் யாரிடம் எப்படி விளக்கினார் ஆகிய எல்லாவற்றையும் தேதியுடன் எழுதி, விசாரணை அதிகாரியிடம் ஒரு நகல் கொடுங்கள்.